திக்காத வாக்கியங்கள்

எனக்குத் திக்கும். க, த, ப என்று தொடங்கும் சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிடும். வ, ம, ந என்றால் பெரும்பாலும் வழிவிடும். நான் பிறந்து வளர்ந்தது கொடைக்கானல். அப்பாவுக்குச் சொந்த ஊர் பேத்துப்பாறை. மலையை விட்டு அந்தப் பக்கம் இறங்கினால் பழனி. இந்த ஊர்களுக்குப் பேர் வைத்தவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "மலைல" என்று சொல்லிவிட்டு நகரப் பார்ப்பேன். "எந்த மலை?" என்று விடமாட்டார்கள். "மேல" என்பேன். திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. திக்குவாயன் என்பதற்கு அது எவ்வளவோ மேல்.

சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பேசிப் பழகியதில் ஒரு விஷயம் கைவந்தது. வாயைத் திறக்கும் முன்பே வாக்கியம் முழுவதையும் பார்த்துவிடுவேன். எங்கே நிற்கும், எதை எடுத்துவிட்டு எதைப் போடலாம், எது இல்லாமலே சமாளிக்கலாம் என்று பார்த்துக்கொண்டுதான் பேசுவேன். மற்றவர்களுக்குச் சொற்கள் சும்மா வருகின்றன. எனக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. அதனால் வேண்டாத சொல் ஒன்றைக்கூட நான் வாயில் வைத்துக்கொள்வதில்லை. எழுத உட்கார்ந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பி.காம் முடித்துவிட்டு ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். கொடைக்கானலில் படித்த பையன்களுக்குக் கிடைக்கிற வேலை பெரும்பாலும் அதுதான். வரவேற்பில் நின்று போன் எடுக்க வேண்டும். வருகிறவர்களிடம் சிரித்துப் பேச வேண்டும். நான் என் பேரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மேனேஜர்கள் "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்றுவிடுவார்கள். வட்டக்கானல் பக்கம் காட்டேஜ் நடத்திய ஒரு முதலாளி மட்டும் என்னை உட்காரவைத்தார். தெற்கத்திக்காரர். கணீரென்ற குரல். அவர் சமையலறையில் பேசினால் கேட்டில் நிற்கிறவனுக்குக் கேட்கும்.

"எங்கே, 'கொடைக்கானல் காட்டேஜ், காலை வணக்கம்' சொல்லு பாப்போம்," என்றார்.

நான் முயன்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். பிறகு வரவேற்பில் இருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா, இதைக் கேளு." என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை சொல்லுலே," என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன். வேலை கிடைத்தது.

"உன்னை வேற எவனும் வச்சுக்க மாட்டான். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதை மனசுல வச்சு சோலியைப் பாரு."

பெட்டி தூக்குவது, பில் போடுவது, அறைக்குப் போர்வை கொண்டுபோவது என்று எல்லாம் செய்தேன். சாயங்காலம் முற்றத்தில் விருந்தாளிகள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது முதலாளிக்கு என் நினைப்பு வந்துவிடும். "ஏலே, இங்க வா" என்பார். "சாருக்கு 'பப்பாளி' சொல்லிக் காட்டு" என்பார். விருந்தாளிகளில் சிலர் சிரிப்பார்கள். சிலர் கப்பைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். குனிந்துகொண்டவர்களில் யாரும் "வேண்டாம் விடுங்க" என்று சொன்னதில்லை. அடுத்த நாள் அறையைக் காலி செய்யும்போது அவர்கள்தான் என் கையைப் பிடித்து "நல்லா வருவீங்க தம்பி" என்பார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் விசாரணைகளுக்குப் பதில் போடும் வேலை தானாக என் தலையில் வந்து விழுந்தது. போனில் பேச முடியாதவன் வேறு எதற்கு? அதுவரை அந்தக் காட்டேஜில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான். 'இயற்கை அன்னையின் மடியில், மேகங்கள் உங்கள் கன்னத்தை வருடும் சொர்க்கபுரிக்கு அன்புடன் வரவேற்கிறோம்' என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடும். கேட்கிறவர் "கார் வாசல் வரைக்கும் வருமா?" என்று கேட்டிருப்பார். சொர்க்கபுரி போகும். "வெந்நீர் உண்டா?" என்று கேட்டாலும் சொர்க்கபுரிதான். அதை நம்பி வருகிறவர்கள், சாலையில் காரை விட்டுவிட்டுச் சரிவில் பெட்டியை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து வரவேற்பு மேஜையை அடித்துச் சத்தம் போடுவார்கள். வயதானவர்கள் பாதி வழியில் கல்லில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊருக்குப் போனதும் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதுவார்கள்.

அவர்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன்.

'கார் வாசல் வரை வராது. மேலே சாலையில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து சரிவில் இறங்கி நடக்க வேண்டும். பெட்டியை நாங்கள் தூக்குவோம். முட்டிவலி உள்ளவர்கள் இருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.'

'வெந்நீர் காலையில் மட்டும் குழாயில் வரும். மற்ற நேரத்தில் கேட்டால் வாளியில் கொண்டு வருவோம்.'

'பனி இருந்தால் பள்ளத்தாக்கு தெரியாது. எப்போது விலகும் என்று எங்களுக்கும் தெரியாது.'

முதலாளி இதைப் பார்த்த அன்றைக்குப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"முட்டிவலின்னா வேற இடம் பாருன்னு எழுதியிருக்க. நீ யார்ட்டலே சம்பளம் வாங்குற? மலை தெரியாதுன்னு நீயே சொல்லிட்டா எவன் வருவான்?"

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். "விடுலே" என்றார், நான் முடிப்பதற்குள். "உன் பதில் வர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும்."

நான் அப்படியேதான் எழுதினேன். ஆட்கள் வந்தார்கள். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு, சின்னப் பைகளோடு, தயாராக வந்தார்கள். சண்டை குறைந்தது. மலையில் வெந்நீர் வராததை மனிதர்கள் மன்னித்துவிடுகிறார்கள். வரும் என்று எழுதியதைத்தான் மன்னிப்பதில்லை. 'சொன்னது சொன்னபடி இருந்தது' என்று ஒருவர் எழுதினார். அதையே வேறு வேறு விதமாகப் பலர் எழுதினார்கள். முதலாளியிடம் நேரிலும் சொன்னார்கள்: "சார், உங்க மெசேஜ் ரொம்பத் தெளிவு."

"நம்ம பழக்கமே அதுதான் சார். உள்ளதை உள்ளபடி சொல்லிருவேன்," என்பார். நான் அந்த நேரம் அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றுகொண்டிருப்பேன்.

அடுத்த வருஷம் ஊரில் உள்ள விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். வாடிக்கையாளருக்கு எப்படி எழுத வேண்டும், எப்படி விளம்பரம் செய்ய வேண்டும் என்று பேசுவதற்கு முதலாளியைக் கூப்பிட்டிருந்தார்கள். "நீயே எழுதிக் குடுத்துரு. வெரசா வேணும்," என்று என்னிடம் சொன்னார்.

எழுதினேன். சொல்லப்போனால் ஆசையாகத்தான் எழுதினேன். கேட்ட கேள்விக்கு முதல் வரியில் பதில் சொல்லுங்கள். கெட்ட செய்தியைக் கீழே ஒளிக்காதீர்கள், அதை முதலில் சொன்னால் நல்ல செய்தியை நம்புவார்கள். 'தரமான', 'சிறந்த' என்று எழுதும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை எழுதுங்கள். 'சிறந்த காலை உணவு' என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, 'இட்லி, பொங்கல், பிரெட் ஆம்லெட்' என்றால் பசிக்கும். எழுதியதை, அறிமுகமே இல்லாத ஒருவர் பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பதாக நினைத்துப் பாருங்கள். இப்படி எழுதிக்கொடுத்தேன்.

மண்டபம் நிறைய ஆள். நான் கடைசி வரிசையில் நின்றேன். முதலாளி மைக்கைப் பிடித்தார். பெரிய பேச்சாளர் அவர். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என் வாக்கியங்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஒரு மனித வாயிலிருந்து வெளியே வந்து நான் கேட்டது அன்றுதான். 'க'வில் தொடங்கியது, 'ப'வில் தொடங்கியது, எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த ஆளை வெறுக்க வேண்டிய நேரத்தில் நான் அவர் குரலுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த சாக்லேட் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "இவ்வளவு சோலிக்கு நடுவுல நீங்களேவா உக்காந்து எழுதுறீங்க?" என்று கேட்டார்.

முதலாளி என்னைத் தேடினார். கண்டுபிடித்துவிட்டார். "ஒரு பையன் இருக்கான். ஏலே, மேடைக்கு வா."

போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். அத்தனை பேர் திரும்பிப் பார்க்கும்போது கால் அதுவாகவே நடந்துவிடுகிறது.

என் தோளில் கை போட்டுக்கொண்டு, விருந்தாளிகளுக்கு நாங்கள் அனுப்பும் மெசேஜை போனில் எடுத்து என் கையில் கொடுத்தார். "வாசி. நம்ம ஆளுங்க கேக்கட்டும்."

முதல் சொல் 'கார்'. அதை எழுதியபோது ஒருநாள் அதை வாசிக்க நேரும் என்று நான் நினைக்கவில்லை. மைக் என் உதட்டுக்கு நேரே இருந்தது. 'க்' என்ற சத்தம் மட்டும் மண்டபம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டது. முதலில் பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலாளி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"என்ன சொல்ல வர்றான்னு சொல்லுங்க பாப்போம்!"

"காப்பி!" என்று ஒரு குரல் வந்தது.

"கரண்ட்!"

"கல்யாணம்!" என்று ஒருவர் கத்தியதும் மண்டபமே அதிர்ந்தது. கைதட்டல் வேறு. மைக் மறுபடி என்னிடம் வந்தது. நான் மறுபடி முயன்றேன். மறுபடி அவர்கள் ஊகித்தார்கள். விளையாட்டு அவர்களுக்கு அலுத்துப்போன பிறகுதான் முதலாளி போனை வாங்கித் தானே வாசித்தார். கடைசியில் என் முதுகைத் தட்டி, "வாய்ல வராதது பூரா கையில வருது பாருங்க. கடவுள் ஒரு பக்கம் அடைச்சு ஒரு பக்கம் திறந்து விட்டிருக்கான்," என்றார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். சிரித்தவர்களும் தட்டினார்கள். சிரித்ததைத் தட்டிக் கழுவிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

டீ நேரத்தில் சாக்லேட் கடைக்காரர் என்னிடம் வந்தார். காது கேளாதவனிடம் பேசுவதுபோல உரக்க, ஒவ்வொரு சொல்லாக, "எங்க... கடைக்கும்... எழுதி... குடுப்பியா?" என்று கேட்டார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சொல்லத் தோன்றியது. 'காது' என்ற சொல்லே 'க'வில் தொடங்குகிறது. தலையை மட்டும் ஆட்டினேன். முதலாளி நடுவில் வந்து, "இவன் நம்ம வீட்டுப் பிள்ளை, எங்கயும் போகமாட்டான்" என்று அவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

யாரோ படம் பிடித்திருந்தார்கள். மறுநாளே அந்த வீடியோ ஊரில் எல்லார் போனிலும் சுற்றியது. கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். நாங்கள் குடியிருக்கும் அட்டுவம்பட்டியில், பக்கத்து வீட்டுக்காரர் போனில் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். நான் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"இத்தனை பேர் வர்ற இடம்னு தெரியும்ல? அந்த நீலச் சட்டையைப் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல?"

பிறகு ரசத்தை ஊற்றினாள். அவளுக்கு அந்த வீடியோவில் கண்ணில் பட்டது என் சட்டைக் காலர் கிழிந்திருந்ததுதானா, இல்லை, வேறு எதைப் பற்றியும் பேசினால் இரண்டு பேரும் சாப்பிட முடியாது என்று நினைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் அவளைக் கேட்டதும் இல்லை.

முதலாளிக்கு வீடியோ வேறு மாதிரித் தெரிந்தது. "இத்தனை பேர் பாத்திருக்கானுக. காசு குடுத்தாக்கூட இப்படி விளம்பரம் கிடைக்காது," என்றார். என்னை வைத்து ஒரு ரீல்ஸ் எடுக்கப் போவதாகச் சொன்னார். நான் வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்க வேண்டும். வழக்கம்போலத் திக்க வேண்டும். அப்போது எழுத்து வரும்: 'இவர் பேச்சு திக்கும். எங்கள் சேவை திக்காது.'

"இது நான் யோசிச்சது. இதைவிட நல்லதா ஒண்ணு நீயே எழுதிக் குடு. உன்னைவிடத் தெளிவா எவன் எழுதுவான்?"

வரவேற்பு அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நின்றுகொண்டு போனை எடுத்து அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். 'எனக்கு இதில் சம்மதம் இல்லை.'

எதிரே நின்றுகொண்டு மெசேஜ் அனுப்பியது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அதை வாய்விட்டு வாசித்தார். என்னைப் போலவே வாசித்தார். "எ... எ... எனக்கு... இ... இ..." நான் 'எ'வில் திக்குவதில்லை. என்னோடு அத்தனை நாள் இருந்தும் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு, "தெளிவா இருக்கு. நல்லா எழுதுற. நானும் தெளிவா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க," என்றார். "நாளைல இருந்து வராத."

பையை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறக் கிளம்பினேன். அக்கா வாசல் வரை வந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். "ஆபீஸ் போனு உன்கிட்டயா இருக்கு?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

என் எழுத்து இல்லாமல் அவர்கள் திண்டாடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை ஒளிப்பானேன். சில மாதம் கழித்து மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். முதலாளியின் மருமகன் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் போட்டுவிட்டதாகச் சொன்னாள். நான் அதுவரை அனுப்பிய மெசேஜ்களை எல்லாம் அதற்குள் ஏற்றிவிட்டார்களாம். இப்போது அதுவே பதில் போடுகிறது, சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போவதில்லை என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி அந்த நம்பருக்கு எழுதினேன். 'எங்க அம்மாவுக்கு முட்டிவலி. வரலாமா?'

போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்தது. 'கார் வாசல் வரை வராது. சரிவில் நடக்க வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.' கடைசி வரி நான் எழுதாதது. ஆனால் எழுதியிருப்பேன். அதுதான் என்னை உலுக்கியது. காட்டேஜ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

இப்போது வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கிறேன். மேல்மலையில் பூண்டு போடுகிற ஒரு குடும்பத்துக்கு, சாக்லேட் கடைக்காரருக்கு, பழனி அடிவாரத்தில் ஒரு லாட்ஜுக்கு. என் நம்பருக்கு எழுதுகிறவர்களுக்கு முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன்: 'எனக்குத் திக்கும். போன் செய்யாமல் எழுதிக் கேளுங்கள்.' அப்படியும் சிலர் போன் செய்கிறார்கள். வீடியோவில் பார்த்த ஆள்தானா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். நான் "வணக்கம்" என்பேன். அது திக்காது. ஏமாந்துபோய் வைத்துவிடுவார்கள்.

போன தைப்பூசத்துக்கு லாட்ஜ்காரர் வெள்ளனே வரச் சொல்லியிருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கினேன். தெரு முழுக்கப் பாதயாத்திரை வந்தவர்கள். காலில் துணி சுற்றிக்கொண்டு, கொப்புளத்தோடு நடக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தார்கள். லாட்ஜ் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஆட்கள் உள்ளே வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாசலில் மாட்ட ஒரு பலகை எழுத வேண்டும். நான் எழுதியது இது: 'அறை இல்லை. குடிக்கத் தண்ணீர் உண்டு. கழிப்பறை உண்டு. உள்ளே வாருங்கள்.'

லாட்ஜ்காரர் படித்துவிட்டு சாக்பீஸை வாங்கி, முதல் இரண்டு சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தை எல்லாம் அழித்தார். "இது போதும். தெளிவா இருக்கு."

"அண்ணே, த... த..." என்றேன்.

"தெரியுது, தெரியுது. தண்ணி. ஊர்ல இருக்கிறவன் பூரா இங்க வந்து நிப்பான்."

நான் கை காட்டி அவரை நிறுத்தினேன். நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்குப் பின்னால் கல்லாவில் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் போகத் திரும்பினார், நான் வழியை மறித்து நின்றேன். ஒரு அம்மா வாசற்படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் ஒரு வேடிக்கையாக இருந்திருப்பேன். இருக்கட்டும். சொல் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. வேறு சொல்லை நான் தேடவில்லை.

"த... தண்ணி குடுத்தா உங்களுக்குக் கு... குறைஞ்சிராது. க... கழிப்பறையை எப்படியும் க... கழுவத்தான் போறீங்க."

லாட்ஜ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா?" என்றார். பிறகு, "சரி. தண்ணின்னு போட்டுக்க. கழிப்பறை போடாத. அதுக்கு நான் ஆள் வைக்க முடியாது."

'அறை இல்லை. தண்ணீர் உண்டு' என்று எழுதி மாட்டினேன். படியில் இருந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். குடத்தில் மொண்டு குடித்தாள். பிறகு தயங்கித் தயங்கி லாட்ஜ்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் தெருக்கோடியைக் கைகாட்டினார். அவள் நொண்டிக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தாள். எனக்கு மேலே போகும் பஸ் வந்துவிட்டது.